நம்ம ஜில்லாக்காரர் டாக்டர் மு.வ.



இந்த மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரச் சொல்லி நிர்வாகக் குழுவில் என்னைக் கேட்டாங்க. அன்னை தெரசா, கல்பனா சாவ்லா என்று பல பேர் சொன்னார்கள். நான் மு.வ.வைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், யாரு அது, என்று இரண்டு மூன்று பேர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் பெயர் தெரியாமல் இருக்கலாம். ஆனால் உங்க வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால், புத்தக மூட்டையில் கையடக்கமான திருக்குறள் புத்தகம் ஒன்று இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்க. திருக்குறள் தெளிவுரை, டாக்டர் மு. வரதராசனார் என்று போட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அவர் வேற எங்கோ இருந்தவர் இல்லை, நம்ம பக்கத்து ஆள். இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டமாகப் பிரித்துவிட்டார்கள். பேரணாம்பட்டு வேலூரில் இருக்கிறது, இருபது நிமிஷம் அரை மணியில் போய்விடுகிற ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் எல்லாம் ஒரே வட ஆர்க்காடு ஜில்லா. அந்த ஜில்லாவில்தான் 25-4-1912 அன்று மு.வ. பிறந்தார். அப்பா முனுசாமி, அம்மா அம்மாக்கண்ணு. குடும்பத்தின் ஊர் வாலாஜாபேட்டை பக்கம் வேலம் கிராமம். வைத்த பெயர் திருவேங்கடம். ஆனால் தாத்தாவின் பெயரான வரதராசன் என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே நிலைத்துவிட்டது. நம்ம வீடுகளிலும் இப்படித்தானே, ரேஷன் கார்டில் ஒரு பெயர், கூப்பிடுவது ஒரு பெயர்.

திருப்பத்தூரில் படித்தார். பள்ளி இறுதி முடித்ததும் தாலுகா ஆபீசில் எழுத்தர் வேலை. அந்தக் காலத்தில் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் வீட்டில் எப்படிச் சந்தோஷப்பட்டிருப்பார்கள்! ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓய்வுக்காகக் கிராமத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சின்ன வயதுப் பையன், வேலை போய்விட்டது, உடம்பும் சரியில்லை. நம்ம தெருவில் அப்படி ஒரு பையன் இருந்தால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று நமக்குத் தெரியும்.

அவர் அந்த நாட்களில் தமிழைப் பிடித்துக்கொண்டார். திருப்பத்தூரில் முருகைய முதலியார் என்ற ஆசிரியரிடம் தமிழ் படித்தார். கல்லூரிக்குப் போகாமலே 1935-ல் வித்துவான் தேர்வு எழுதி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். திருப்பனந்தாள் மடம் அதற்கு ஆயிரம் ரூபாய் பரிசு கொடுத்தது. 1935-ல் ஆயிரம் ரூபாய் என்றால் யோசித்துப் பாருங்க. அதே வருஷம் மாமா மகள் ராதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலையும் கிடைத்தது.

அதற்கு மேலே அவர் படித்த படிப்பையெல்லாம் எழுதினால் இந்த மலரில் வேறு யாருக்கும் இடம் இருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே தேர்வுகள் எழுதினார். 1939-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1948-ல் சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக டாக்டர் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இத்தனை படித்தவர் அடுத்த வருஷம், 1949-ல், என்ன செய்தார் என்பதுதான் நான் எழுத வந்த விஷயம். திருக்குறளுக்கு ஒரு சின்ன உரை எழுதினார். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் அதைக் கையடக்கமாகப் போட்டது.

அதில் என்ன பெரிசு என்று கேட்பீங்க. குறளுக்கு ஏற்கெனவே உரைகள் இருந்தன. பழைய காலத்தில் பத்துப் பேர் எழுதினார்கள் என்று சொல்வார்கள். அவர்களில் பேர் பெற்றவர் பரிமேலழகர், சுமார் 700 வருஷத்துக்கு முந்தியவர். மகா அறிவாளி, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் உரையைப் புரிந்துகொள்ள இன்னொரு வாத்தியார் வேண்டும். பூட்டுக்குச் சாவி தருகிறேன் என்று சொல்லி, சாவியை இன்னொரு பெட்டியில் வைத்துப் பூட்டின மாதிரி. அதனால் 1330 குறளும் படித்தவர் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. மற்றவர்கள் யாராவது எடுத்துச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். சொல்கிறவர் சரியாகச் சொல்கிறாரா என்று பார்க்க நமக்கு வழி இல்லை.

மு.வ. ஒவ்வொரு குறளுக்கும் இரண்டு மூன்று வரியில் நேரான அர்த்தம் எழுதினார். தன் படிப்பைக் காட்டவில்லை, இலக்கணம் பேசவில்லை, சண்டைக்கு வரவில்லை. தினத்தந்தி படிக்கத் தெரிந்தால் போதும், வள்ளுவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளலாம். நூறு பதிப்புக்கு மேல் வந்துவிட்டது என்றால் எத்தனை வீட்டுக்குள் போயிருக்கும்!

நான் எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருந்தேன். அந்தச் சின்னப் புத்தகத்தை வேனில் போகும்போதும் வரும்போதும் படித்து முடித்தேன். எனக்கு மூன்று பாலும் ஒன்றாகப் பிடிக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காமத்துப்பால் 25 அதிகாரமும் அழகுதான், ஆனால் அது காத்திருக்கிற பெண்ணின் கஷ்டம். நமக்கு உடனே உதவுகிறது பொருட்பால். 70 அதிகாரம், அரசனுக்கும் மந்திரிக்கும் சொன்னது என்பார்கள். படித்துப் பார்த்தால் நம்ம குழுவுக்குச் சொன்ன மாதிரி இருக்கிறது.

வலியறிதல் என்ற அதிகாரத்தைப் பாருங்க. வரவு சிறிசாக இருந்தாலும் கேடு இல்லை, செலவு அதைத் தாண்டி விரியாமல் இருந்தால் போதும் என்று அரசனுக்குச் சொல்கிறார். நாட்டை ஆளுகிறவனுக்கும் முதல் பாடம் ரொக்கப் பேரேடுதான் போல.

அடுத்து தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என்று இரண்டு அதிகாரம். ஒரு வேலைக்கு ஆளை எப்படித் தேர்வு செய்வது என்பது பற்றி. விசாரிக்காமல் ஒருவரை நம்புவதும் துன்பம், விசாரித்து நம்பின பிறகு சந்தேகப்படுவதும் தீராத துன்பம். இந்த இடத்தில் நம்ம கூட்டமைப்பில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குழுவின் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஊக்குநர் நல்ல சுறுசுறுப்பு. மாசா மாசம் எல்லோரும் சேமிப்பைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தீர்மானப் புத்தகமும் பாஸ் புக்கும் அவர் வீட்டில், எழுதுவது அவர் வீட்டுக்காரர். நம்ம ஆளுதானே என்று நீட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார்கள். படிக்கத் தெரிந்தவர்களும் படிக்கவில்லை. பாங்கியில் இருந்து ஆள் வந்த பிறகுதான் தங்கள் பெயரில் வாங்கின கடன் இவ்வளவு என்று தெரிந்தது. பீடி சுற்றின காசிலும் வேன் ஏறிப்போய் சம்பாதித்த காசிலும் அதைக் கட்டி முடிக்க மூன்று வருஷம் ஆனது. ஒரு அக்காவின் மகள் படிப்பு பாதியில் நின்றது. அந்தப் பெண்ணுக்கு யார் என்ன பதில் சொல்வது?

அந்தக் குழு உடையவில்லை. அதற்குக் காரணம் அடுத்த அதிகாரங்களில் இருக்கிறது. நட்புக்கு மட்டும் வள்ளுவர் ஐந்து அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு. சேர்ந்து சிரிப்பதற்காக மட்டும் நட்பு இல்லை, எல்லை மீறும்போது முன்னால் நின்று கண்டிப்பதற்கு என்கிறார். இடுப்பில் துணி நழுவினால் கை எப்படிச் சொல்லாமலே போய்ப் பிடிக்குமோ அந்த வேகத்தில் உதவுவது நட்பு என்கிறார். அந்தப் பெண்கள் ஊக்குநரை எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்டார்கள், புத்தகத்தை வாங்கினார்கள், பொறுப்பை மாற்றினார்கள். அவர் வீட்டில் அடுப்பெரியாத அன்றைக்கு அரிசியும் கொடுத்தார்கள். இரண்டும் செய்தார்கள்.

நட்பைப் பற்றி மு.வ. தனியாகவே ஒரு பெரிய நாவல் எழுதினார். அகல் விளக்கு. அதற்கு 1961-ல் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது. கதை நடக்கும் ஊர்களில் நம்ம வாலாஜாபேட்டையும் ஒன்று. சந்திரன், வேலய்யன் என்று இரண்டு சினேகிதர்கள். சந்திரன் அழகன், கெட்டிக்காரன், எதிலும் முதல். வேலய்யன் சாதாரணப் பையன். மின்னல் மாதிரி பளிச்சென்று இருந்த சந்திரன் கெட்டுப்போகிறான். சின்ன அகல் விளக்கு மாதிரி வேலய்யன் நின்று எரிகிறான். கதை என்றாலும் நிறைய அறிவுரை வரும், சில இடத்தில் அது கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு படிச்சீங்கன்னா கடைசியில் மனசு கனத்துப் போகும்.

இன்னொரு விஷயத்தைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை. குறளில் நமக்குக் கசப்பான இடங்களும் உண்டு. புருஷனையே தெய்வமாகக் கும்பிட்டு எழுகிறவள் சொன்னால் மழை பெய்யும் என்று ஒரு குறள். பெண்வழிச்சேறல் என்று ஒரு முழு அதிகாரம், மனைவி பேச்சைக் கேட்டு நடக்கிற ஆணைப் பழிக்கிறது. மு.வ. இவற்றை மழுப்பவில்லை. வேறு அர்த்தம் சொல்லிப் பூசி மெழுகவும் இல்லை. உள்ளதை அப்படியே எழுதி நம் கையில் கொடுத்துவிட்டார். மாதக் கூட்டத்தில் அதைப் படித்தபோது பெரிய சண்டையே நடந்தது. அந்தக் காலத்துப் பேச்சு, விட்டுவிடு என்றார் ஒருவர். அப்படி விட முடியாது, இன்னைக்கும் என் வீட்டில் அதையேதான் பேசுறாங்க என்றார் இன்னொருவர். என் கட்சி இரண்டாவது அக்கா கட்சி. ஆனால் அதே வள்ளுவர், பெண்ணைக் காவல் போட்டுப் பூட்டி வைப்பதால் ஒரு பயனும் இல்லை, அவள் மன உறுதிதான் காவல் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்தவன் மனைவியை நினைக்காதே என்று ஆண்களுக்காகவே ஓர் அதிகாரம் எழுதியிருக்கிறார். கம்பெனி வேனில் லேட்டாக வருகிறாள் என்று வாசலில் நின்று சந்தேகப்படுகிற வீட்டுக்காரர்களுக்கு இந்த இரண்டையும் படித்துக் காட்டலாம். உரை நம் கையில் இருப்பதால்தான் இதில் எது நமக்கு ஆகும், எது ஆகாது என்று நாமே பேச முடிகிறது.

படிக்கத் தெரியாதவர்கள் நம்மிடம் இன்னும் இருக்கிறார்கள். உருது பேசுகிற அக்காமார்களில் பலர் நன்றாகத் தமிழ் பேசுவார்கள், எழுத்து மட்டும் தெரியாது. அவர்களுக்கும் வள்ளுவர் இடம் வைத்திருக்கிறார். படிக்காவிட்டாலும் கேட்டுக்கொள், தளர்ந்த நேரத்தில் அது ஊன்றுகோல் ஆகும் என்று கேள்வி என்ற அதிகாரத்தில் வருகிறது. எங்கள் தெருவில் மத்தியானம் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றும்போது ஒரு பெண் தெளிவுரையில் இருந்து சத்தமாகப் படிப்பாள். கை நிற்காது, காது கேட்கும். மு.வ.வின் வாக்கியம் சின்னதாக இருப்பதால் காதால் கேட்டாலே புரிகிறது. பெரிய உரைகளை இப்படிப் படித்துக் காட்ட முடியாது.

அவர் தெளிவுரையோடு நிற்கவில்லை. நாவல், சிறுகதை, நாடகம், இலக்கிய வரலாறு என்று எழுதிக்கொண்டே இருந்தார். திரு.வி.க. மேல் அவருக்கு அளவில்லாத மரியாதை, அவர் வாழ்க்கையையும் காந்தியின் வாழ்க்கையையும் எழுதினார். அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவில் நாலு புத்தகம் உண்டு. நீங்கள் முதலில் எதை எடுப்பது என்று கேட்டால் தங்கைக்கு என்பேன், மெல்லிய புத்தகம். அதிலும் நமக்குச் சம்மதம் இல்லாத இடங்கள் வரும். அண்ணன் சொன்னால் தங்கை எதிர்த்துப் பேசக் கூடாதா என்ன?

1961-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தர் ஆனார். தாலுகா ஆபீஸ் எழுத்தராக ஆரம்பித்தவர் ஒரு பல்கலைக்கழகத்தையே நிர்வாகம் பண்ணினார். அமெரிக்காவில் வூஸ்டர் கல்லூரி 1972-ல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பதவியில் இருக்கும்போதே 10-10-1974 அன்று சென்னையில் காலமானார். வயது 62. பெரிய பொறுப்பும் ஓயாத எழுத்தும் இளமையிலேயே தளர்ந்துபோன உடம்பும் சேர்ந்திருந்த மனிதர், இன்னும் பத்து வருஷம் இருந்திருக்கலாம்.

தெளிவுரை இரண்டு பிரதி நம்ம கூட்டமைப்பு அலுவலக அலமாரியில் இருக்கிறது, அகல் விளக்கு ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் பதிவேட்டில் குழுப் பெயரையும் தேதியையும் எழுதி எடுத்துப் போகலாம். ஒரு தெளிவுரையில் பொருட்பால் பக்கங்கள் கழன்று நூலால் தைத்திருக்கிறோம், மெதுவாகப் பிரியுங்க.