சிரித்துக்கொண்டே சண்டை போட்ட வீரர்

1901-ம் ஆண்டு. அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் கால்வெஸ்டன் என்று ஒரு துறைமுக ஊர். அந்த ஊர் ஜெயிலில் இரண்டு குத்துச்சண்டை வீரர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். ஒருவர் கறுப்பர், வயது 22. மற்றவர் வெள்ளைக்காரர், வயது 32.

அவர்கள் செய்த குற்றம் என்ன? பணத்துக்காகச் சண்டை போட்டதுதான். டெக்ஸாசில் அப்போது அதற்குத் தடை இருந்தது. பிப்ரவரி 25-ந் தேதி நடந்த சண்டையில், 3-வது சுற்றில் கறுப்பு வாலிபர் குத்து வாங்கிச் சுருண்டு விழுந்தார். உடனே போலீசார் வந்து இருவரையும் கைது செய்தார்கள்.

மூன்று வாரத்துக்கு மேல் இருவருக்கும் ஜெயில்வாசம். அங்கே ஒரு அதிசயம் நடந்தது. ஜெயித்தவர் வாத்தியார் ஆனார். தோற்றவர் மாணவர் ஆனார்! அந்த வாத்தியார் ஜோ கொயின்ஸ்கி. மாணவர்தான் பின்னால் உலக சாம்பியன் ஆன ஜாக் ஜான்சன்.

மூட்டை தூக்கியவர்

ஜான்சன் 1878-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி அதே ஊரில் பிறந்தார். அவருடைய தாயும் தந்தையும் ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். ஏழைக் குடும்பம். ஜான்சன் அதிகம் படிக்கவில்லை. சின்ன வயதிலேயே துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார்.

6 அடி உயரம். இரும்பு போன்ற உடம்பு. ஆனால் பலம் மட்டும் போதாது என்பதைக் கொயின்ஸ்கியின் ஒரு குத்து காட்டிவிட்டது. கொயின்ஸ்கி அவரைவிட உருவத்தில் சிறியவர். ஆனாலும் அவர் குத்து இடி போல விழுந்தது!

ஜெயிலில் இருவரும் கையுறை மாட்டிப் பழகினார்கள். ஊர் ஜனங்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். அடி வாங்காமல் விலகுவது எப்படி, எதிரியின் குத்தைத் தட்டிவிடுவது எப்படி என்று ஜான்சன் கற்றுக்கொண்டார். ஜெயிலை விட்டு வந்த பிறகு அவருடைய சண்டையே மாறிப்போனது. பதற்றம் இல்லை. விறைப்பு இல்லை. உடம்பைத் தளர்வாக விட்டு, எதிரி களைக்கும் வரை காத்திருப்பார். சமயம் பார்த்து ஒரே குத்து!

மண்வெட்டி சொல்லும் பாடம்

தளர்ந்த கை எப்படிப் பலமாகக் குத்தும்? இதற்குப் பதில் நம் ஊர்க் காட்டிலேயே இருக்கிறது.

திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் மண்வெட்டி பிடிப்பவர்களைப் பாருங்கள். புதிதாக வேலைக்கு வந்தவர் காம்பை இறுக்கிப் பிடிப்பார். தோளை விறைப்பாக வைத்துக்கொள்வார். அரை மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிடும். மண்ணும் பெயராது. பழகிய விவசாயியோ காம்பை லேசாகப் பிடித்து ஓங்குவார். இலை மண்ணைத் தொடும் நேரத்தில் மட்டும் பிடி இறுகும். பொழுது சாயும் வரை அவருக்குக் களைப்புத் தெரியாது.

குத்துச்சண்டையும் அப்படித்தான். நம் கையில் மடக்குவதற்கு ஒரு தசை. நீட்டுவதற்கு ஒரு தசை. கையை விறைத்தால் இரண்டும் சேர்ந்து இறுகும். ஒரு மாடு முன்னால் இழுக்க, மற்றொரு மாடு பின்னால் இழுத்தால் வண்டி ஓடுமா? கையும் வேகமாகப் போகாது. குத்தின் பலம் காலில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியாக முஷ்டிக்கு வரவேண்டும். நடுவில் எங்கே விறைத்தாலும் அங்கேயே பலம் தடைப்பட்டுவிடும்.

அதனால் தோளைத் தாழ்த்தி, கையைத் தளர்வாக வைக்க வேண்டும். குத்தும்போது மூச்சை வெளியே விட வேண்டும். முஷ்டி எதிரியின் மேல் படும் நேரத்தில் மட்டும் இறுக வேண்டும். பட்டவுடன் மறுபடியும் தளர வேண்டும்.

இருபதாயிரம் பேர் எதிரே!

1908-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரம். உலக சாம்பியன் டாமி பர்ன்ஸ் என்ற வெள்ளைக்காரரோடு ஜான்சன் மோதினார். 14-வது சுற்றில் பர்ன்ஸ் படும் பாட்டைப் பார்த்துப் போலீசாரே சண்டையை நிறுத்தினார்கள். முதல் முறையாக ஒரு கறுப்பர் ஹெவி வெயிட் உலக சாம்பியன் ஆனார்.

வெள்ளையர் பலருக்கு இது பொறுக்கவில்லை. தோல்வியே காணாமல் ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரீஸ் என்ற பழைய சாம்பியனைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். 1910-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ரினோ நகரில் சண்டை. கொளுத்தும் வெயில். சுமார் 20 ஆயிரம் பேர் கூடியிருந்தார்கள். அநேகமாக எல்லோரும் வெள்ளையர்கள். ஜான்சன் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று காத்திருந்தவர்கள்.

ஜான்சன் சிரித்தார்! மேடையைச் சுற்றி இருந்தவர்களோடு பேசிக்கொண்டே சண்டை போட்டார். ஜெப்ரீசின் குத்துகளைக் கையாலேயே தடுத்தார். 15-வது சுற்றில் ஜெப்ரீஸ் விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். அவருடைய ஆட்களே சண்டையை முடித்துக்கொண்டார்கள்.

அன்று இரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரம் மூண்டது. பலர் உயிர் இழந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்.

வழக்கும் சிறையும்

மேடையில் வீழ்த்த முடியாதவரைச் சட்டம் கொண்டு வீழ்த்தினார்கள். ஜான்சன் வெள்ளைக்காரப் பெண்களோடு பழகினார், அவர்களை மணந்தார். அதைக் காட்டி அவர் மேல் வழக்குப் போட்டார்கள். 1913-ம் ஆண்டு, வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. ஒரு வருடம் ஒரு நாள் சிறைத் தண்டனை. ஜான்சன் நாட்டை விட்டே தப்பி ஓடினார்.

1915-ம் ஆண்டு கியூபாவில் ஜெஸ் வில்லார்டிடம் 26-வது சுற்றில் தோற்றுப் பட்டத்தை இழந்தார். 1920-ம் ஆண்டு நாடு திரும்பி, சரண் அடைந்து, தண்டனையை அனுபவித்தார். 2018-ம் ஆண்டில்தான் அமெரிக்க ஜனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அப்போது அவர் இறந்து 72 ஆண்டுகள் ஆகியிருந்தன!

கடைசிப் பயணம்

1946-ம் ஆண்டு ஜூன் 10-ந் தேதி. ஜான்சனுக்கு வயது 68. வட கரோலினா வழியாகக் காரில் போய்க்கொண்டிருந்தார். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கறுப்பர் என்பதால் அங்கே அவருக்கு மரியாதையாகச் சாப்பாடு போட மறுத்தார்கள். கோபத்தோடு கிளம்பிக் காரை வேகமாக ஓட்டினார். கார் சாலையை விட்டு விலகிக் கம்பத்தில் மோதியது. அன்றே அவர் உயிர் பிரிந்தது.

அவருக்கு வந்த கோபம் நியாயமான கோபம்தான். இருபதாயிரம் பேர் வெறுப்போடு பார்த்தபோதும் இறுகாத மனம், அன்று அந்தச் சாலையில் இறுகிவிட்டது.

மண்வெட்டி பிடிக்கும் கைக்கும், குத்துச்சண்டை போடும் கைக்கும் ஒரே பாடம்தான். இறுக்க வேண்டிய நேரம் ஒரு நொடி. மற்ற நேரம் எல்லாம் தளர்வாக இருக்கத் தெரிந்தவரே கடைசி வரை நிற்பார்.