கார்பனின் கைகளை எண்ணியவர்



பென்சீன் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஒரு பாம்புக் கதை. பாம்பு ஒன்று தன் வாலைத் தானே கவ்வுவதைக் கனவில் பார்த்து, கெக்குலே பென்சீனின் வடிவத்தைக் கண்டுபிடித்தாராம். அப்போ தூங்கினாலே போதும் போலிருக்கே என்று என் வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால் அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறேன்.

அகஸ்ட் கெக்குலே 1829 செப்டம்பர் 7 அன்று ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரில் பிறந்தார். கட்டடக்கலை படிக்கத்தான் கீசன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே லீபிக் என்ற பேராசிரியரின் வேதியியல் வகுப்பைக் கேட்டதும் மனசு மாறிவிட்டது. வேதியியலுக்கே வந்துவிட்டார். கட்டடம் கட்டும் ஆசை மட்டும் போகவில்லை என்று நினைக்கிறேன். செங்கல்லுக்குப் பதில் அணுக்களை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்!

அந்தக் காலத்தில் ஒரு சேர்மத்தில் எத்தனை அணு இருக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். அவை எப்படிக் கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதுதான் புரியவில்லை. 1858-ல் கெக்குலே வழி காட்டினார். கார்பனின் இணைதிறன் 4. அதாவது கார்பனுக்கு நாலு கை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கையிலும் ஹைட்ரஜனைப் பிடித்தால் அது மீத்தேன். ஒரு கார்பன் இன்னொரு கார்பனின் கையையும் பிடிக்கும். அப்படியே சங்கிலி நீளும். கார்பன் சேர்மங்கள் லட்சக்கணக்கில் இருப்பதற்கு இதுவே முக்கிய காரணம்.

இங்கே இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஆர்ச்சிபால்ட் கூப்பர் பாரிசில் இருந்தபடி அதே 1858-ல் இதே கருத்தைத் தானாகவே எழுதினார். அவர் கட்டுரை வெளிவரத் தாமதமானது. கெக்குலே கட்டுரை முந்திக்கொண்டது. கூப்பர் ஊர் திரும்பினார். அப்புறம் மனமும் உடலும் நொந்துபோய், வேதியியலில் தொடர முடியவில்லை. 1892-ல் இறந்தார். பாவம்!

இனி பென்சீன். அதில் 6 கார்பன், 6 ஹைட்ரஜன். ஆறு கார்பன் வரிசையாக நின்று எல்லாக் கையும் நிரம்ப 14 ஹைட்ரஜன் வேண்டும். அதுதான் ஹெக்சேன். 6 மட்டும் இருந்தால் மீதிக் கைகள் என்ன ஆகும்? 1865-ல் கெக்குலே விடை சொன்னார். ஆறு கார்பனும் வளையமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு கையால் ஹைட்ரஜனைப் பிடிக்கும். பக்கத்துக் கார்பன்களில் ஒன்றை ஒரு கையாலும் மற்றதை இரண்டு கையாலும் பிடிக்கும். கூட்டிப் பாருங்கள், நாலு கையும் சரியாக வரும்!

கனவுக் கதையை அவர் சொன்னது 1890-ல் பெர்லினில் நடந்த விழாவில்தான். அதற்குள் 25 வருஷம் ஓடிவிட்டது. 1896 ஜூலை 13 அன்று பான் நகரில் காலமானார். முதல் ஐந்து வேதியியல் நோபல் பரிசுகளில் மூன்றை வாங்கியவர்கள் அவரிடம் படித்தவர்கள். 1929-ல் கேத்லீன் லான்ஸ்டேல் என்ற பெண் விஞ்ஞானி, பென்சீன் வளையம் தட்டையான அறுங்கோணம்தான் என்று எக்ஸ் கதிர் மூலம் நிரூபித்தார்.

கனவு வந்திருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் பல வருஷம் கார்பனின் கைகளை எண்ணிக்கொண்டே இருந்தவர் அவர். அதனால்தான் அந்தப் பாம்பின் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. இனி கார்பனுக்கு நாலு கை என்று படிக்கும்போது கெக்குலேயுடன் கூப்பரையும் சேர்த்து நினைப்போம்.