குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்வும் அமைப்புப் பணியும்

ஆய்வுச்சுருக்கம்

அழ. வள்ளியப்பா (1922–1989) குழந்தைப் பாடல்களின் ஆசிரியராகவே பெரிதும் அறியப்படுகிறார். அவர் வாழ்வின் மற்றொரு பகுதி சங்கம், மாநாடு, இதழ், புத்தகக் காட்சி ஆகிய பொதுப்பணிகளில் கழிந்தது. இவ்விரு பகுதிகளும் ஒரே நோக்கத்தின் இரு கூறுகள் என்பதையும், அந்நோக்கம் பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வரை நீண்டது என்பதையும் அவர்தம் வாழ்க்கை வரலாற்றின் வழி இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: குழந்தை இலக்கியம், அழ. வள்ளியப்பா, குழந்தை எழுத்தாளர் சங்கம், சக்தி, கோகுலம், பாடத்திட்டம்.

முன்னுரை

தமிழில் குழந்தையைப் பாடும் மரபு தொன்மையானது. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையே அதற்குச் சான்று. எனினும் பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பாட்டுடைத் தலைமையாக்கியதேயன்றிக் குழந்தை படிப்பதற்கென எழுந்ததன்று. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளிகளில் மனனம் செய்யப்பட்டன. அவை அறத்தைக் கட்டளையாக உரைத்தன. 1915ஆம் ஆண்டில் வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டும், 1938இல் வெளிவந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மலரும் மாலையும் நூலில் இடம்பெற்ற மழலைப் பாடல்களும் புதிய வழியைத் திறந்தன. ஆயினும் குழந்தைகளுக்கென எழுதுதல் பெருங்கவிஞர்தம் பணியுள் ஒரு சிறு கூறாகவே பெரும்பாலும் கருதப்பட்டது. அதனையே வாழ்நாள் பணியாகக் கொண்டு, அப்பணிக்கு ஓர் அமைப்பு வடிவையும் தேடித் தந்தவர்களுள் முதன்மையானவர் வள்ளியப்பா.

பிறப்பும் இளமையும்

அன்றைய புதுக்கோட்டைத் தனியரசைச் சார்ந்த இராயவரம் என்னும் ஊரில் 1922 நவம்பர் 7ஆம் நாள் அழகப்பச் செட்டியார், உமையாள் ஆச்சி ஆகியோரின் மகனாக வள்ளியப்பா பிறந்தார். தொடக்கக் கல்வியைப் பிறந்த ஊரிலும், உயர்நிலைக் கல்வியை அருகிலிருந்த கடியாபட்டியிலும் பெற்றார். கல்லூரிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. பல்கலைக்கழகத்தின் வாயிலை மாணவராக மிதிக்காத ஒருவர், பிற்காலத்தில் அதன் பாடத்திட்டத்தைப் பற்றி வாதிடும் நிலையை எய்தினார் என்பது அவர் வரலாற்றில் கருதத்தக்கது.

1940இல் அவர் சென்னைக்கு வந்தார். இராயவரத்தையே பிறப்பிடமாகக் கொண்ட வை. கோவிந்தன், அதற்கு முந்தைய ஆண்டில் சக்தி இதழைத் தொடங்கியிருந்தார். அவருடைய சக்தி காரியாலயத்தில் காசாளராக வள்ளியப்பா பணியமர்ந்தார். அந்நாளில் சக்தி இதழில் ஆசிரியப் பொறுப்பிலிருந்த தி. ஜ. ர. இவ்விளைஞரின் எழுத்தார்வத்தைக் கண்டு எழுதத் தூண்டினார். அதன் பயனாக ஆளுக்குப் பாதி என்னும் முதற்கதை உருவாயிற்று. சக்தி காரியாலயத்தில் அவர் இருந்த காலம் குறுகியது. எனினும் ஓர் இதழ் எவ்வாறு உருவாகிறது, ஒரு நூல் எவ்வாறு அச்சேறி வாசகரைச் சென்றடைகிறது என்பவற்றை அருகிருந்து காணும் வாய்ப்பை அக்காலம் அவருக்கு நல்கியது.

வங்கிப் பணியும் பாடற் பணியும்

1941இல் இந்தியன் வங்கியில் சேர்ந்த வள்ளியப்பா, 1982இல் ஓய்வு பெறும் வரை ஏறத்தாழ நாற்பத்தோராண்டுகள் அங்குப் பணியாற்றினார். குழந்தைகளுக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்டு வாழ்தல் அரிதாயிருந்த சூழலில், வங்கி ஊதியம் குடும்பத்தைத் தாங்கிற்று; அலுவல் போக எஞ்சிய பொழுது குழந்தைகளுக்கு உரியதாயிற்று.

1944இல் 23 பாடல்களைக் கொண்ட மலரும் உள்ளம் என்னும் முதல் தொகுதி வெளிவந்தது. பின்னர் அது பெருந்தொகுதியாக விரிந்தது. சிரிக்கும் பூக்கள், ஈசாப் கதைப் பாடல்கள், பாட்டிலே காந்தி கதை முதலியவை தொடர்ந்தன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் இயற்றியுள்ளார். சிறு சீர்களாலான குறுகிய அடிகள், எதுகையும் இயைபும் ஒத்திசைக்கும் ஓசை, வீட்டிலும் தெருவிலும் வழங்கும் சொற்கள் ஆகியன இவற்றின் பொதுவியல்புகள். இவரிடத்து அறம் பெரும்பாலும் நிகழ்ச்சியாகவோ உரையாடலாகவோ உருப்பெறுகிறது. பாடலின் குறும்பில் மகிழும் குழந்தை அதன் உட்கருத்தையும் உடன் பெறுகிறது. நீலா மாலா போன்ற கதை நூல்களையும், நமது நதிகள் போன்ற அறிவு நூல்களையும் அவர் படைத்தார். குழந்தைக் கவிஞர் என்னும் அடைமொழி அவர் பெயரினின்றும் பிரிக்கவியலாததாயிற்று.

வங்கியில் இருந்துகொண்டே பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை ஆகிய குழந்தை இதழ்களுக்கு அவர் கௌரவ ஆசிரியராகத் தொண்டாற்றினார். அம்புலிமாமா, கண்ணன் முதலான இதழ்களும் வெளிவந்துகொண்டிருந்த காலம் அது. இதழ்கள் பெருகியபோது அவற்றில் எழுதத்தக்கவர் வேண்டப்பட்டனர். குழந்தைகளுக்கு எழுதுவது எளிது என்னும் தவறான எண்ணத்துடன் வருவோரும், திறமை இருந்தும் வழியறியாது தயங்குவோரும் இருந்தனர். எழுதுவோரை ஒருங்கு திரட்டிப் பயிற்றுவிக்கும் தேவை இவ்வாறு எழுந்தது.

சங்கமும் மாநாடுகளும்

1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. சக்தி வை. கோவிந்தன் அதன் முதல் தலைவராக விளங்கினார். சங்கம் உருவாவதில் பெரும்பங்கு கொண்ட வள்ளியப்பா, செயலாளர், தலைவர், ஆலோசகர் எனப் பல நிலைகளில் இறுதிவரை அதனோடு இணைந்திருந்தார். பொறுப்பு மாறினும் பணி மாறவில்லை என்பதே அவருடைய சங்க வாழ்வின் சிறப்பு.

சங்கத்தின் பணிகளை மூவகையாகப் பகுத்துக் காணலாம். முதலாவது, படைப்போரை ஒன்றுகூட்டுதல். தம்பி சீனிவாசன், பூவண்ணன், கூத்தபிரான் முதலிய எழுத்தாளர்கள் இயங்கிய களமாக அது அமைந்தது. இரண்டாவது, படைப்பை உரியவரிடம் சேர்த்தல். குழந்தை நூலைப் படிப்பவர் குழந்தை, வாங்குபவர் பெற்றோர், பரிந்துரைப்பவர் ஆசிரியரும் நூலகரும். ஏனைய இலக்கிய வகைகளில் காணப்படாத இந்த இடைவெளியை நிரப்புவதற்கு எழுத்தாளரின் தனி முயற்சி போதாது. சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் 1948இல் நிறைவேறிய பின்னர் நூலகங்கள் பரவத் தொடங்கிய சூழலில், சங்கத்தின் மாநாடுகளும் குழந்தைப் புத்தகக் காட்சிகளும் இத்தேவையை நோக்கி அமைந்தன. மூன்றாவது, ஆவணப்படுத்துதல். குழந்தை எழுத்தாளர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி, யார் எவர் என்னும் வகையிலான நூலைச் சங்கம் வெளியிட்டது. குழந்தை இலக்கியத்தை வரலாறாக எழுதப் புகும் ஆய்வாளர்க்கு இத்தகைய தொகுப்புகள் அடிப்படைத் தரவாகும். சங்க இயக்கத்தில் பங்குகொண்ட பூவண்ணனே பின்னர்க் குழந்தை இலக்கிய வரலாற்றை எழுதினார் என்பது இவ்விடத்து நினையத்தக்கது.

இப்பணிகளுக்காகச் செலவிட்ட பொழுதில் வள்ளியப்பா தம் சொந்தப் படைப்புகளை மேலும் பெருக்கியிருக்கலாம் என வாதிட இடமுண்டு. அவ்வாறு கொள்வது அவர் நோக்கத்தைக் குறுக்கிக் காண்பதாகும். ஒரு கவிஞரின் பாடல்கள் ஒரு தலைமுறைக்கு உதவக்கூடும். எழுதுவோர் தொடர்ந்து தோன்றினாலன்றி ஒரு துறை நிலைபெறாது. அவர் பாடியதும் அமைப்பை வளர்த்ததும் இப்புரிதலின் அடியாகவே விளங்குகின்றன.

கோகுலமும் இறுதி நாளும்

வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின், கல்கி நிறுவனத்தார் வெளியிட்ட கோகுலம் இதழின் ஆசிரியப் பொறுப்பை 1983 முதல் 1987 வரை அவர் வகித்தார். அலுவலுக்கு அப்பாற்பட்ட பொழுதில் செய்துவந்த இதழ்ப்பணி, அறுபது வயதுக்குப் பின்னரே அவருக்கு முழுநேரப் பணியாயிற்று.

எழுதுவோர், இதழ், பதிப்பு, வாசகர் என ஒவ்வொரு கண்ணியாக இணைத்துவந்த அவருக்கு எஞ்சிய கண்ணி ஒன்றிருந்தது. அது பல்கலைக்கழகம். தமிழிலக்கியப் பாடத்திட்டத்தில் குழந்தை இலக்கியமும் இடம்பெற வேண்டும் என அவர் விழைந்தார். பாடமாக அமையாத ஒன்று ஆராயப்படுவதும், தரமறிந்து மதிக்கப்படுவதும் அரிது. 1989 மார்ச் 16ஆம் நாள் மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டத்தில் இக்கோரிக்கையை அவர் வற்புறுத்தினார். அன்றே அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 66.

முடிவுரை

வள்ளியப்பாவின் மறைவுக்கு இருபத்தோராண்டுகள் கழித்து, 2010இல் சாகித்திய அகாதெமி குழந்தை இலக்கியத்துக்கெனத் தனி விருதை நிறுவியது. படைப்புக்குரிய ஏற்பு இவ்வாறு வந்து சேர்ந்தது. கல்விப்புலம் சார்ந்த அவருடைய கோரிக்கையோ தமிழ்த்துறைகளை நோக்கியது. குழந்தைப் பாடலின் யாப்பு, வாய்மொழி மரபோடு அதற்குள்ள உறவு, குழந்தை இதழ்களின் வரலாறு, சங்க வெளியீடுகளின் தொகுப்பு ஆகியன ஆய்வுக்குரிய களங்கள். அச்சு மலிந்த அக்காலத்துச் சிறுவர் இதழ்கள் படித்தபின் கைவிடப்படும் இயல்பின. அவற்றைத் தேடித் தொகுத்துப் பேணுதல் இத்துறையில் முதற்கண் மேற்கொள்ளத்தக்க பணியாகும். வள்ளியப்பாவின் பாடல்களைப் பயின்று வளர்ந்தோர் பலர் இன்று தமிழ் கற்பிக்கும் இடத்தில் உள்ளனர். அவர் இறுதி நாளில் முன்வைத்த கோரிக்கையை நிறைவேற்றும் பொறுப்பும் அவர்களைச் சார்ந்ததே.