தேயிலைக்கு விளம்பரம் எடுக்கப் போனவர் என்ன எடுத்தார்? யார் இந்த பேசில் ரைட்?

தஞ்சோங் கிளிங் கடற்கரையில் வலை பழுதுபார்ப்பவரை, அல்லது மலாக்காத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுபவரைப் போனில் மூன்று நிமிடம் படம் பிடிக்கிறீர்கள். பேட்டி கிடையாது. வேலை செய்யும் கைகள் மட்டும்தான். இந்தப் பாணியின் முன்னோடிகளில் ஒருவர், தமிழர்கள் உழைத்த தோட்டங்களையும் படம் பிடித்தவர்.

பேசில் ரைட் 1907இல் லண்டனில் பிறந்தார், கேம்பிரிட்ஜில் படித்தார். மீனவர்களைப் பற்றி ஜான் கிரியர்சன் 1929இல் வெளியிட்ட 'டிரிஃப்டர்ஸ்' படம் அவரை ஈர்த்தது. சீக்கிரமே கிரியர்சன் குழுவில் சேர்ந்துவிட்டார்.

இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம் நான்கு குறும்படங்கள் கேட்டது. 1934இல் ரைட்டும் உதவியாளர் ஜான் டெய்லரும் அங்கே போனார்கள். காட்சி மட்டும்தான் பதிவானது. ஒலி பிறகு லண்டனில் சேர்ந்தது. சிவனொளிபாத மலை ஏறும் பக்தர்கள், மண்பாண்டம் வனைபவர், மீனவர், கண்டி நடனம் என்று பொறுமையாக எடுத்தார். கடைசியில் நான்கும் ஒரே படமாயின. அதுதான் சுமார் 40 நிமிட 'சாங் ஆஃப் சிலோன்'. 1935இல் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு வாங்கியது.

யாருடைய குரல் கேட்கிறது?

பின்னணியில் ஒலிப்பது, கண்டி ராஜ்யத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நாக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல். வாசித்தவர் கொழும்புக் கலைஞர் லயனல் வென்ட்.

மூன்றாம் பகுதியில் வேறொன்று நடக்கிறது. கொழுந்து பறிப்பவர்கள் திரையில். காதில் விழுவதோ சந்தை விலையும் வணிகக் கடிதங்களும். காசு கொடுத்தது தேயிலை வாரியம் என்பதை நினைத்தால், இது துணிச்சல்தான்.

ஆனா ஒன்று உறுத்துகிறது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். நம்ம பாட்டன் பூட்டன் மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கு வந்த அதே காலம். படத்தில் அவர்களுக்குப் பெயரும் இல்லை, பேச்சும் இல்லை. ஒலிக்கருவி இல்லாததை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 250 ஆண்டுகளுக்கு முந்தைய நாக்ஸுக்குக் குரல் கிடைத்ததே!

1936இல் ஹேரி வாட்டுடன் சேர்ந்து, இரவு அஞ்சல் ரயிலைப் பற்றி 'நைட் மெயில்' எடுத்தார் ரைட். 1987இல் காலமானார். 'சாங் ஆஃப் சிலோன்' கிடைத்தால், மூன்றாம் பகுதியை ஒருமுறை ஒலியுடனும், ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டும் பாருங்கள்.