அரைப்பென்னி நாளிதழ்

ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் நாளிதழ் என்பது பெரும்பாலும் கற்றோர்க்கும் செல்வர்க்கும் உரியதாக இருந்தது. நாடாளுமன்ற உரைகளும் வணிகச் செய்திகளும் நீண்ட பத்திகளாக அதில் நிறைந்திருந்தன. உழைக்கும் மக்கள் அதனை வாங்குவது அரிது. வாங்கினாலும் படித்து முடிப்பது அதனினும் அரிது. இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர் ஆல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த். பின்னாளில் நார்த்கிளிஃப் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே.

இளமை

ஆல்பிரட், 1865ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் அயர்லாந்தில், டப்ளின் நகரை அடுத்த சேப்பலிசாட் என்னும் ஊரில் பிறந்தார். அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. தந்தையாரின் வருவாயோ குறைவு, பிள்ளைகளோ பலர். மூத்த மகனாகிய ஆல்பிரட் வறுமையை அறிந்து வளர்ந்தார். பள்ளியில் மாணவர் இதழுக்கு ஆசிரியராக விளங்கிய அவர், எழுத்தையே தம் தொழிலாகக் கொண்டார்.

1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தால் நாட்டில் தொடக்கப்பள்ளிகள் பெருகின. எழுதப் படிக்க அறிந்த புதிய தலைமுறை ஒன்று உருவாயிற்று. அவர்களுக்கேற்ற இதழ்கள் மிகுதியாக இல்லை என்பதை ஆல்பிரட் உணர்ந்தார். வாசகரின் வினாக்களுக்கு விடை கூறும் ‘ஆன்சர்ஸ்’ என்னும் வார இதழை 1888இல் தொடங்கினார். தம்பி ஹெரால்டு வரவு செலவுகளைக் கவனித்துக்கொண்டார்.

மக்கள் நாளிதழ்

1896ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ‘டெய்லி மெயில்’ வெளிவந்தது. பிற காலை நாளிதழ்கள் பல ஒரு பென்னிக்கு விற்றன. இதன் விலையோ அரைப்பென்னி. செய்திகள் சுருக்கமாக இருந்தன. பெண்களுக்கெனத் தனிப்பகுதியும் தொடர்கதையும் இடம்பெற்றன. முதல் நாளிலேயே 3,97,215 படிகள் விற்றன. சில ஆண்டுகளில் விற்பனை 10 இலட்சத்தை எட்டியது.

1901ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், நியூயார்க்கின் ‘வேர்ல்டு’ நாளிதழுக்கு அவர் ஒருநாள் ஆசிரியராக இருந்தார். அன்று அவ்விதழைச் சிறிய தாளில் சுருங்கிய செய்திகளுடன் வெளியிட்டார். அதற்கு ‘டேப்லாய்டு’ என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். அது மருந்து நிறுவனம் ஒன்று தன் மாத்திரைகளுக்குச் சூட்டிய பெயராகும். மருந்து மாத்திரையில் அடங்குவதுபோலச் செய்தியும் சிறிய வடிவில் அடங்க வேண்டும் என்பது அவர் கருத்து.

1903இல் பெண்களுக்காகப் பெண்களே நடத்தும் ‘டெய்லி மிரர்’ இதழைத் தொடங்கினார். அது வெற்றி பெறவில்லை. ஆயினும் அவர் சோர்வடையவில்லை. மறு ஆண்டே அதனைப் படங்கள் நிறைந்த நாளிதழாக மாற்றி வெற்றி கண்டார். 1908இல் புகழ்பெற்ற ‘தி டைம்ஸ்’ இதழும் அவர் உடைமையாயிற்று.

இரண்டு சோதனைகள்

1900ஆம் ஆண்டு சீனாவில் கிளர்ச்சி மூண்டது. பீக்கிங் நகரில் வெளிநாட்டுத் தூதரகங்கள் முற்றுகையிடப்பட்டன. அங்கிருந்த வெளிநாட்டவர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்று டெய்லி மெயில் ஜூலையில் செய்தி வெளியிட்டது. உறவினர் கதறினர். லண்டன் பேராலயத்தில் இரங்கல் வழிபாட்டுக்கும் ஏற்பாடாயிற்று. ஆனால் செய்தி பொய். முற்றுகையில் சிக்கியவருள் பெரும்பாலோர் உயிருடன் இருந்தனர், ஆகஸ்டில் மீட்கப்பட்டனர்.

முதல் உலகப் போரின்போது, 1915இல், பிரான்சில் போரிட்ட பிரிட்டானியப் படைக்குப் பீரங்கிக் குண்டுகள் போதவில்லை. இதற்குப் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவே பொறுப்பு என்று நார்த்கிளிஃப் தம் இதழில் குற்றம் சாட்டினார். கிச்சனரோ முன்பு இந்தியாவில் தலைமைப் படைத்தளபதியாக இருந்தவர், மக்களால் போற்றப்பட்டவர். சினங்கொண்டோர் லண்டன் பங்குச் சந்தையில் டெய்லி மெயிலைத் தீயிட்டுக் கொளுத்தினர். விற்பனை சரிந்தது. எனினும் அவர் பின்வாங்கவில்லை. குண்டுப் பற்றாக்குறை உண்மையே. அவ்வாண்டிலேயே படைக்கல உற்பத்திக்குத் தனி அமைச்சகம் அமைந்தது.

அரைப்பென்னிக்கு உலகச் செய்தியை எளியோர் கையில் சேர்த்தவர் நார்த்கிளிஃப். அதே வேளையில், பல இதழ்கள் ஒருவர் கையில் சேர்ந்தால் அரசையும் அசைக்கலாம் என்னும் அச்சத்தையும் அவர் ஏற்படுத்தினார். 1922ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள், தம் 57ஆம் அகவையில் மறைந்தார். விரும்பி வாங்கப்படும் செய்தியெல்லாம் மெய்யாகிவிடாது. வெறுத்து எரிக்கப்படும் செய்தியெல்லாம் பொய்யாகிவிடாது. இதனை அவர் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.

சொற்பொருள்

படி – பிரதி
அகவை – வயது
படைக்கலம் – போர்க்கருவி
பென்னி – பிரிட்டனின் சிறு நாணயம்

வினாக்கள்

1. 1870ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் நாளிதழ் வளர்ச்சிக்கு எவ்வாறு துணைசெய்தது?
2. ‘டேப்லாய்டு’ என்னும் பெயர் வந்த வகையை விளக்குக.
3. 1900, 1915 ஆகிய ஆண்டுகளின் நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு எழுதுக.
4. கைப்பேசியில் வரும் செய்தியைப் பிறருக்கு அனுப்புமுன் நீ எவற்றை ஆராய்வாய்? ஐந்து தொடர்களில் எழுதுக.