வழிகாட்டிய மாலுமி

ஜொகூரின் தென்கிழக்கு முனையிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் தொலைவில், கடல் நடுவே ஒரு பாறைத் தீவு உள்ளது. பறவைகளின் எச்சம் படிந்து வெண்மையாகத் தெரிந்ததால் மலாய்க்காரர்கள் அதனைப் பத்து பூத்தே, அதாவது வெள்ளைப் பாறை, என்று அழைத்தனர். 2008ஆம் ஆண்டு அனைத்துலக நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பின்படி அது சிங்கப்பூருக்கு உரியது. தென்சீனக் கடலிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குள் நுழையும் கப்பல்கள் அதன் அருகில்தான் செல்ல வேண்டும். முற்காலத்தில் அங்குள்ள பாறைகளில் மோதிச் சிதைந்த கப்பல்கள் பல. இன்று அங்கு ஒளிவீசும் கலங்கரை விளக்கம் ஜேம்ஸ் ஹார்ஸ்பர்க் என்னும் மாலுமியின் பெயரைத் தாங்கியுள்ளது.

ஹார்ஸ்பர்க் 1762ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கடலோரச் சிற்றூரான ஈலியில் எளிய குடும்பத்தில் பிறந்தார். பதினாறு வயதில் கப்பல் வேலையில் சேர்ந்தார். சிறிது காலம் பிரெஞ்சுக்காரர்களிடம் சிறைப்பட்டும் இருந்தார். பின்னர் இந்தியாவுக்கு வந்து, கிழக்குக் கடல்களில் சென்ற வணிகக் கப்பல்களில் பணியாற்றினார்.

1786ஆம் ஆண்டு மே மாதம் அவர் பணிபுரிந்த அட்லஸ் என்னும் கப்பல் பத்தாவியாவிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. கையிலிருந்த வரைபடத்தை நம்பியே மாலுமிகள் கப்பலைச் செலுத்தினர். வரைபடமோ தவறானது. இந்தியப் பெருங்கடலில் உள்ள டியேகோ கார்சியா தீவில் மோதிக் கப்பல் உடைந்தது. ஹார்ஸ்பர்க் உயிர் தப்பினார். இன்னொருவராக இருந்தால் கடல் தொழிலையே கைவிட்டிருப்பார். அவரோ அன்றுமுதல் சென்ற இடமெல்லாம் ஆழம், நீரோட்டம், காற்று, பாறைகளின் இருப்பிடம் ஆகியவற்றை அளந்து குறித்துக்கொள்ளத் தொடங்கினார்.

அவருடைய பொறுமை வியப்புக்குரியது. காற்றழுத்தமானியை நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல் பார்த்து எழுதினார். வெப்பமண்டலக் கடல்களில் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குவதை இதனால் கண்டறிந்தார். 1806ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. 1810இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடல்வரைபட அதிகாரியானார். கிழக்கு நாடுகளுக்கான கடல்வழிகளை விளக்கி அவர் எழுதிய நூல் கப்பல் தலைவர்களுக்குப் பல்லாண்டுகள் துணையாக இருந்தது.

1836ஆம் ஆண்டு ஹார்ஸ்பர்க் காலமானார். அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பச் சீனாவின் கன்டன் நகர வணிகர்கள் நிதி திரட்டினர். கற்சிலையைவிடக் கலங்கரை விளக்கமே அந்த மாலுமிக்குப் பொருத்தமானது அல்லவா? 1844இல் ஜொகூர்ச் சுல்தானும் தெமெங்கோங்கும் விளக்கம் அமைக்க இசைவு தந்தனர்.

கட்டும் பொறுப்பை ஜான் டர்ன்புல் தாம்சன் என்னும் இளம் பொறியாளர் ஏற்றார். புலாவ் ஊபினில் வெட்டிய கருங்கற்கள் படகுகளில் பாறைக்குக் கொண்டு செல்லப்பட்டன. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகளின் சீற்றத்தால் அங்கே வேலை செய்ய முடியாது. ஆகவே 1850இல் தொடங்கிய பணி இடையில் நின்று, மறு ஆண்டு தொடர்ந்தது. 1851ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அந்த நீரிணையில் விளக்கு ஒளிவீசியபோது, ஹார்ஸ்பர்க் இறந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.