ஊத் மணத்தின் கணக்கை எழுதியவர்: அறிஞர் அல்-கிந்தியின் வாழ்வு

பெருநாள் காலையிலும் ஜும்ஆ நாளிலும் அத்தர் பூசிக்கொள்வது நம் வீடுகளின் பழக்கம். மல்லிகை, ரோஜா அத்தர்களுக்குப் பழகிய நாம், வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் தரும் ஊத் அத்தரை முதன்முதலில் முகரும்போது சற்றுத் திகைத்துப் போகிறோம். தோல், புகை, ஈரமண் எல்லாம் கலந்தாற்போன்ற கனத்த வாசம் அது. இதற்கா இவ்வளவு விலை என்று கேட்கவும் தோன்றுகிறது. அந்த வாசத்தை எடையும் அளவும் போட்டு ஆராய்ந்த ஒரு பேரறிஞர் 1100 ஆண்டுகளுக்கு முன்பே நம் சமுதாயத்தில் வாழ்ந்தார். அவர்தான் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்-கிந்தி.

கூஃபாவில் பிறந்தவர்

சுமார் கி.பி. 801இல் கூஃபா நகரில் அல்-கிந்தி பிறந்தார். தந்தை இஸ்ஹாக் அந்நகரின் ஆளுநர். நபித்தோழர் அஷ்அஸ் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். கிந்தா குலத்தவர் என்பதால் அல்-கிந்தி என்ற பெயர் நிலைத்தது.

பின்னர் அவர் பக்தாத் வந்தார். கலீஃபா மஃமூனின் காலம் அது. கிரேக்க, பாரசீக, இந்திய நூல்கள் அரபியில் மொழிபெயர்க்கப்பட்டு வந்தன. அந்த அறிஞர் வட்டத்தில் அல்-கிந்தியும் இடம்பெற்றார். அடுத்து வந்த கலீஃபா முஃதஸிம், தம் மகன் அஹ்மதுக்கு ஆசிரியராக இவரை நியமித்தார். உண்மை எந்தச் சமூகத்திடமிருந்து வந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ள வெட்கப்படக் கூடாது என்பதே இவரது கொள்கை. இந்திய எண்களைப் பற்றி எழுதினார். எழுத்துகள் எத்தனை முறை வருகின்றன என்று எண்ணி, மறைகுறியாக எழுதிய கடிதத்தை உடைக்கும் வழியைச் சொல்லும் மிகப் பழைய நூலும் இவருடையதே. தத்துவம், மருத்துவம், வானியல், இசை என 200க்கும் மேற்பட்ட நூல்கள் இவர் பெயரில் பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் பெரும்பாலானவை இன்று கிடைக்கவில்லை.

வாசனை நூல்

கிடைத்திருக்கும் நூல்களில் ஒன்று, இவர் பெயரில் வழங்கும் கிதாபு கீமியாயில் இத்ர் வத்தஸ்ஈதாத். வாசனைப் பொருட்களின் வேதியியலும் வாலைவடித்தலும் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். அதில் 107 செய்முறைகள் உள்ளன. கஸ்தூரி, அம்பர், கற்பூரம், குங்குமப்பூ, ஊத் ஆகியவற்றை எந்த அளவில் சேர்ப்பது, எப்படிச் சூடாக்குவது, எப்படி வடிப்பது என்று ஒரு மருந்துச் சீட்டைப் போல அது விவரிக்கிறது. விலை உயர்ந்த மணப்பொருட்களுக்கு ஈடான மாற்றுச் சரக்குகளைத் தயாரிக்கும் முறைகளும் அதில் உண்டு. மட்ட உலோகத்தைத் தங்கமாக்கலாம் என்ற ரசவாதிகளின் பேச்சை அல்-கிந்தி ஏற்கவில்லை, அதை மறுத்தே எழுதினார்.

ஊத் என்ற அரபுச் சொல்லுக்கு மரக்கட்டை என்றே பொருள். தமிழில் நாம் அகில் என்பதும் இதையே. அகில் மரம் காயம்பட்டு, பூஞ்சை தாக்கும்போது, தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கிறது. அந்தப் பிசின் ஊறிக் கறுத்த கட்டைதான் ஊத். நோய் படாத மரத்தில் அந்த வாசம் இல்லை. அஸ்ஸாம், கம்போடியா போன்ற பகுதிகளின் காடுகளிலிருந்து அது வருகிறது. காட்டு மரங்கள் அருகிவிட்டதால் இன்று அதன் வணிகம் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ளது. விலைக்குக் காரணம் இதுதான்.

புதிதாக ஊத் வாங்குவோர் குப்பியை மூக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். மணிக்கட்டில் ஒரு பொட்டு மட்டும் தொட்டுவைத்து அரைமணி நேரம் பொறுத்தால், முதலில் வந்த காரம் அடங்கி இனிமை மேலெழும். கட்டையாக வாங்கினால் சிறு துண்டை மிதமான தணலில் இடலாம். தணல் மிஞ்சினால் கருகல் வாசம்தான் வரும். மலிவாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை செயற்கைக் கலவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பறிபோன நூலகம்

கலீஃபா முதவக்கில் காலத்தில் அல்-கிந்திக்குச் சோதனை வந்தது. பனூ மூஸா சகோதரர்களான முஹம்மதும் அஹ்மதும் பெரும் கணித அறிஞர்கள். ஆனால் மற்ற அறிஞர்கள் மீது பொறாமை கொண்டிருந்தனர். அவர்களின் கோள் பேச்சைக் கேட்ட கலீஃபா அல்-கிந்தியை அடிக்கச் செய்தார். அவருடைய நூல்கள் அனைத்தையும் அச்சகோதரர்கள் அள்ளிச் சென்று தனிக் களஞ்சியத்தில் வைத்துக்கொண்டனர். மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ இதைப் பதிவு செய்துள்ளார்.

பின்னர் அச்சகோதரர்களிடம் ஒரு கால்வாய் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அமர்த்திய பொறியாளர், கால்வாயின் முகப்பை மற்ற பகுதியைவிட ஆழமாக வெட்டிவிட்டார். ஆற்றில் நீர் குறைந்தால் கால்வாயில் ஓடாது. செய்தி கேட்ட கலீஃபா, தவறு உறுதியானால் இருவரையும் கால்வாய்க் கரையிலேயே கழுவேற்றுவதாகச் சொல்லி, ஸனத் இப்னு அலீ என்ற அறிஞரைச் சோதிக்க அனுப்பினார்.

இருவரும் ஸனதிடம் மன்றாடினர். அல்-கிந்திக்கும் ஸனதுக்கும் ஏற்கெனவே பகை. அது தெரிந்தும், பகையைவிட நியாயமே பெரிது என்று சொன்ன ஸனத், அல்-கிந்தியின் நூல்களைத் திருப்பித் தராமல் உதவ மாட்டேன் என்று உறுதியாக நின்றார். நூல்கள் ஒன்று விடாமல் திரும்பின. பெற்றுக்கொண்டதாக அல்-கிந்தி எழுதிக் கொடுத்த சீட்டு வந்த பிறகே ஸனத் வேலையைத் தொடங்கினார். டைக்ரிஸ் நதியில் வெள்ளம் இருந்ததால் தவறு வெளியே தெரியவில்லை. நீர் வடிவதற்குள் கலீஃபா கொல்லப்பட்டார். அது கி.பி. 861.

அல்-கிந்தி அதன் பின்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து, சுமார் 873இல் பக்தாதில் காலமானார். கவலைகளை அகற்றுவது பற்றி அவர் எழுதிய சிறு நூலும் நமக்குக் கிடைத்திருக்கிறது. கைவிட்டுப் போகும் பொருட்களில் மனத்தைக் கட்டிப் போட்டவனுக்குத் துக்கம் தீராது, அறிவில் மனத்தை வைத்தவனிடமிருந்து அதை யாரும் பறிக்க முடியாது என்பது அதன் சாரம்.

நம் பிள்ளைகளின் கையில் ஊத் தடவும்போது இந்தப் பெயரையும் அவர்களுக்குச் சொல்லிவைப்போம். பகைவனுக்கும் நியாயம் கேட்ட ஸனதின் பெயரையும் சேர்த்தே சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.